சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 52. பெருங்குடலில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பக்கத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்ததால் மூன்றாம் நிலை என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக எட்டுச் சுற்று கீமோ கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், அப்புறம் 14 நாள் கேப்பசிட்டபின் மாத்திரை. மூன்று சுற்று முடிந்த நிலையில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, உடம்பும் தேறவில்லை என்று நான்காவது சுற்றைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் நடப்பது இது. கணவரின் அண்ணன், வயது 58, "புற்றுநோய்க்குத் தீனியே சர்க்கரைதான், அதை நிறுத்தினால் கட்டி தானாகச் செத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். அரிசி, சர்க்கரை, பால், தயிர், முட்டை, கோழி எல்லாம் நிறுத்தம். காலையில் வெறும் வயிற்றில் ஃபிரிட்ஜில் வைத்த ஏபிசி ஜூஸ் (ஆப்பிள், பீட்ரூட், கேரட்), 11 மணிக்குக் கோதுமைப்புல் சாறு, மதியம் வேகவைத்த காய்கறியும் ஒரு கிண்ணம் சூப்பும், மாலையில் முள் சீத்தா இலைக் கஷாயம், இரவு பப்பாளி. இனிப்புக்கு ஆசைப்பட்டால் தேன் அல்லது கருப்பட்டி. "ரத்தம் ஊறுவதற்கு" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை தினமும் ஒன்று. ஜூஸ் குடிக்கும்போது தொண்டை இறுகுகிற மாதிரி இருக்கிறதாம். கபம் என்று நினைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் 64 கிலோ இருந்தவர் இப்போது 55 கிலோ. 85,000 ரூபாய் கட்டி, 21 நாள் சாறு மட்டும் கொடுக்கும் முகாம் ஒன்றில் சேரலாம், கீமோ போதும் என்கிறார் அண்ணன். கணவரும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் சகோதரி கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் பிரியாணி, சாயங்காலம் எண்ணெய்ப் பலகாரம் என்று நான் சமைத்துப் போட்டதுதான் அவருக்கு இப்படி வந்துவிட்டதா? என் மாமியார் அப்படித்தான் சொல்கிறார். கீமோவை நிறுத்தலாமா? இனி பிள்ளைகளுக்கு நான் என்ன சமைப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன், கேட்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்ட மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம். அவைதான் அவசரம்.

முதலாவது, அந்த ரத்தம் ஊறும் மாத்திரை. மருந்துக்கடைகளில் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அது சாதாரண மாத்திரை. உங்கள் கணவர் சாப்பிடும் கேப்பசிட்டபினோடு ஃபோலிக் அமிலம் சேர்ந்தால் மருந்தின் நச்சு விளைவுகள் கூடும்: வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், அணுக்கள் குறைவது எல்லாம். வெள்ளை அணுக்கள் குறைந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கீமோவிலேயே அது நடக்கும். ஆனால் இன்றைக்கே அந்த அட்டையை எடுத்து வையுங்கள். கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட் பற்றிக் கவலை வேண்டாம். பிரச்சினை மாத்திரையில் வரும் அளவுதான்.

இரண்டாவது, தொண்டை இறுகுவது. அது கபம் இல்லை. ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைத் தொடுகிற மருந்து. அது ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைக் குடித்தாலும் தொண்டை அடைப்பது போல இருக்கும், குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டால் விரல்கள் சுரீரென்று இழுக்கும். பயமுறுத்தும், ஆனால் பொதுவாகத் தானாக விட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்த எதையும் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருக்கட்டும். டிரிப்ஸ் ஏறும்போதோ ஏறிய உடனேயோ மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். கை கால் மரத்துப்போவது அடுத்த சுற்று வரை நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, எடை. 64-லிருந்து 55 என்றால் 14 சதவீதம் போயிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தாலே புற்றுநோய் மருத்துவத்தில் நாங்கள் அதை ஒரு தனிப் பிரச்சினையாகப் பார்ப்போம். அந்த ஒன்பது கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் கரைந்திருக்கிறது. தசை குறைந்த உடம்பில் அதே அளவு கீமோ அதிகம் படுத்தும். படுத்தினால் சுற்றுகள் தள்ளிப்போகும். உங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான். பட்டியல் போட்டவர் நல்லதை நினைத்துத்தான் போட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய தேதியில் உங்கள் கணவரின் சிகிச்சைக்குப் பெரிய தடையாக நிற்பது அந்தப் பட்டியல்.

சர்க்கரை பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது

இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை, அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கின்றன என்பதை 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார். பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸை ஏற்றித்தான் கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். இதுவரை சரி. தவறு அடுத்த அடியில் இருக்கிறது: "அப்படியானால் சாப்பாட்டில் சர்க்கரையை நிறுத்தினால் கட்டிக்குக் கிடைக்காது."

உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. மூளைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் எந்நேரமும் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் கல்லீரல் தானே தயாரிக்கும், தசையிலுள்ள புரதத்தை உடைத்துக்கூட. ஆக உணவை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் அற்றுப் போகாது. அதைத் தயாரிக்கத் தசைதான் கரையும். கட்டியைப் பட்டினி போடப் போய் ஆளைப் பட்டினி போட்டதுதான் மிச்சம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைச் சர்க்கரை விஷமாம், தேனும் கருப்பட்டியும் ஏபிசி ஜூஸும் மருந்தாம். குடலைத் தாண்டிவிட்டால் எல்லாமே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம், மணமும் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் புற்றுநோய் செல் அதைப் பனையா கரும்பா என்று பார்த்து வாங்குவதில்லை.

இதனால் இனிப்பை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. சர்க்கரை கரைத்த பானங்களை வருடக்கணக்கில் குடித்தால் உடல் எடை ஏறும். உடல் பருமனுக்கும் பெருங்குடல், கருப்பை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் உட்பட 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் மதிப்பிட்டது. அது பல வருடப் பழக்கம் பற்றிய பேச்சு. எடை கரைந்துகொண்டிருக்கும் ஒருவர் கீமோவுக்கு நடுவில் ஒரு தட்டுத் தயிர்சாதம் சாப்பிடலாமா என்பது வேறு பேச்சு. தாராளமாகச் சாப்பிடலாம். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாந்தி வராமலிருக்கக் கீமோ அன்று கொடுக்கும் டெக்சாமெத்தசோன் சிலருக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சமையல் காரணமா?

இல்லை. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறிய சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்து வருடம் வரைகூட எடுத்துக்கொள்ளும். போன தீபாவளிப் பலகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சரி, நீண்ட காலப் பழக்கம் என்று எடுத்தால்? உணவோடு தொடர்பு அதிகம் நிரூபிக்கப்பட்ட புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்றுதான், மறுக்கவில்லை. சாஸேஜ், பேக்கன், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை மேலே சொன்ன அதே முகமை 2015-ல் "புற்றுநோயை உண்டாக்குவது உறுதி" என்ற முதல் பிரிவில் வைத்தது; தினமும் 50 கிராம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றது. அப்போது "சாஸேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று செய்திகள் பறந்தன. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஆடு, மாடு, பன்றி இறைச்சி அதற்கு ஒரு படி கீழே, "அநேகமாகக் காரணமாகலாம்" என்ற பிரிவில் இருக்கிறது. வாரத்துக்குச் சமைத்த நிலையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் பரிந்துரை. உங்கள் வீட்டில் மட்டன் மாதம் இரண்டு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரம்பின் கிட்டேகூட வரவில்லை.

கோழி இந்த இரண்டு பிரிவிலும் இல்லை. பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு நம் ஊரில் ஓய்வதே இல்லை. அந்தக் கோழி சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததும் தீவனமும்தான். கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் உபயோகிப்பது பற்றி எனக்கும் கவலை உண்டு. ஆனால் அது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றிய கவலை, புற்றுநோய் பற்றியது இல்லை.

பால் விஷயம் இன்னும் விசித்திரம். பால் பொருட்கள் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை அநேகமாகக் குறைக்கின்றன என்றுதான் அதே நிதியத்தின் 2018 அறிக்கை சொல்கிறது. நார்ச்சத்தும் முழுத்தானியமும் அதே வரிசையில் வருகின்றன. உங்கள் வீட்டில் முதலில் வெட்டப்பட்டது பால்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோன இன்னொன்று இருக்கிறது: "வாரத்துக்கு மூன்று தடவை குவார்ட்டர் சாப்பிடுவார், மற்றபடி எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை." ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் இருக்கிறது. மது உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணி. அதனால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் பெருங்குடலும் உண்டு. மாமியார் உங்கள் எண்ணெய்ச் சட்டியைக் குற்றம் சொன்னார், அண்ணன் அரிசியைக் குற்றம் சொன்னார், இதை யாரும் எடுக்கவில்லை. அவர்மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. குடிக்காத பலருக்கும் இந்த நோய் வருகிறது. ஒரு தனி மனிதருக்கு ஏன் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் விட வேண்டியது எது என்று கேட்டால் இதுதான், சிகிச்சைக்குப் பிறகும் சேர்த்து.

இலைக் கஷாயமும் மற்றவையும்

முள் சீத்தா இலைச் சாறு ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்பது உண்மை. ஆய்வுக்கூடத் தட்டில் பல பொருட்கள் கொல்லும். மனித உடம்பில் அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி. மனிதர்களில் அப்படி நிரூபணம் ஏதும் இல்லை. ஆபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் போன்ற ஒரு நரம்புக் கோளாறு அதிகம் காணப்பட்டதை 1999-ல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்தச் செடியிலுள்ள அனோனசின் என்ற நரம்பு நச்சின் மேல்தான் சந்தேகம். ஏற்கெனவே நரம்பைத் தொடும் ஆக்சாலிபிளாட்டின் ஏறும் உடம்பில் இதையும் ஊற்ற வேண்டுமா? நிறுத்திவிடுங்கள்.

கோதுமைப்புல் சாற்றில் எனக்குப் பயம் வேறு. வீட்டில் மண்ணில் வளர்த்து, பச்சையாக அரைத்து, வடிகட்டிக் குடிப்பது அது. வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்கு மண்ணிலுள்ள கிருமியே போதும். மஞ்சள், சமையலில் போடுகிற அளவில் போடுங்கள். குர்குமின் மாத்திரைகள் வேண்டாம், அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. வைட்டமின் மாத்திரைகள் "எப்படியும் கெடுதல் செய்யாது" என்று நினைக்க வேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கேரட்டில் இருக்கும்போது ஒரு குற்றமும் செய்யாத அதே பொருள்தான்.

இப்போது என்ன கொடுக்கலாம்

எடை குறைந்துவரும் புற்றுநோயாளிக்கு நாங்கள் போடும் கணக்கு எளிது: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 55 கிலோவுக்கு 1,650 கலோரி வரை, புரதம் 80 கிராம் வரை. நீங்கள் எழுதிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். புரதம் அதில் கால்வாசி வந்தாலே அதிகம்.

80 கிராம் என்றதும் மலைக்க வேண்டாம், கடையில் விற்கும் டப்பா பவுடரும் கட்டாயமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. நூறு கிராம் மீனில் 20-க்குக் கிட்டே, கோழியில் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. காலையில் இரண்டு முட்டையோடு இட்லி, நடுவில் பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, மதியம் சாதம், கெட்டியான பருப்பு, மீன் குழம்பு, தயிர், மாலையில் சுண்டல், இரவு தோசையும் கொஞ்சம் கோழியும், படுக்கும் முன் பால். கணக்கு வந்துவிடும். மூன்று வேளையாகக் கொடுத்தால் அவரால் முடியாது, ஆறு தடவையாகப் பிரியுங்கள். நெய்யோ கடலை எண்ணெயோ ஒரு கரண்டி கூட ஊற்றினால் அளவு கூடாமல் கலோரி ஏறும். பலகாரம் செய்ததற்கு நீங்கள் வருத்தப்பட்டீர்கள். இப்போது அவர் ஆசைப்பட்டு ஒரு வடை கேட்டால் சந்தோஷமாகச் செய்து கொடுங்கள்.

கேப்பசிட்டபின் மாத்திரையைக் காலையும் இரவும், உணவை முடித்த அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெறும் வயிற்றில் ஜூஸ் குடித்துவிட்டு மாத்திரை போடுவது சரியான முறையில்லை.

அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட எப்படிச் சமைத்தது என்பது முக்கியம். நன்றாக வெந்த முட்டை, மீன், இறைச்சி, ஆஃப்பாயில் வேண்டாம். காய்ச்சிய பால், கொதித்து ஆறிய தண்ணீர். தோல் உரித்துச் சாப்பிடும் வாழை, ஆரஞ்சு. கடைச் சட்னி, தெருவோரம் வெட்டி வைத்த பழம், கடை ஜூஸில் மிதக்கும் ஐஸ் இவையெல்லாம் கூடாது. பச்சைக் காய் பழம் எதுவுமே ஆகாது என்று முன்பு கடுமையாகத் தடுத்தோம். அப்படித் தடுத்ததால் கிருமித் தொற்று குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, சுத்தத்தில்தான் கவனம் வைக்கிறோம்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் கதை மாறும். அப்போது நார்ச்சத்துப் பேச்சே வேண்டாம்: அரிசிக் கஞ்சி, மோர் சாதம், வாழைப்பழம், உப்பு-சர்க்கரைக் கரைசல். பால் சில நாட்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தயிர் ஒத்துக்கொள்ளும். வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது நடுராத்திரியானாலும், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

முகாமா, கீமோவா?

கட்டியை எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கீமோ என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நெறிக்கட்டி வரை வந்த நோயில், ஸ்கேனில் தெரியாத செல்கள் எங்காவது தங்கியிருக்கலாம். அவை மறுபடி தலைதூக்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான் இந்த மருந்து. இது காலக்கெடு உள்ள வேலையும்கூட. ஆறு மாதம் கழித்து "இப்போது போடலாம்" என்று வந்தால் அதே பலன் கிடைக்காது.

அமெரிக்காவில் வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களை, அதே நிலையில் சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. இறப்பு அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் மட்டும் நாலரை மடங்கு. அந்த மக்கள் ஏழைகளோ படிக்காதவர்களோ இல்லை, பெரும்பாலும் வசதியான, படித்த, வயதில் இளையவர்கள்.

21 நாள் சாற்றில் இருந்தால் உங்கள் கணவர் இன்னும் எடை இழப்பார். கீமோவின்போது குறுகிய உபவாசம் இருப்பது பற்றிச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, உண்மைதான். அவை மருத்துவக் கண்காணிப்பில் நடந்தவை. 14 சதவீதம் எடை இழந்தவரை அதில் சேர்க்கவே மாட்டார்கள். முகாம்காரர்கள் புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்திருந்தால், 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் பெயர் சொல்லியே இருக்கிறது. பணம் கட்டும் முன் "குணமாகும்" என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், முடிவு உங்கள் கணவருடையது. கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள். அவருக்கு நிஜமாக எது தாங்க முடியவில்லை என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கை கால் எரிச்சலா, குமட்டலா, செலவா, பயமா? முதல் இரண்டுக்கு மருந்தும் அளவு மாற்றமும் இருக்கின்றன. மூன்றாம் நிலையிலும் நோயின் அளவைப் பொறுத்துச் சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதக் கீமோவே போதும் என்ற முடிவும் உண்டு. அவர் அந்தக் கூட்டத்தில் வருவாரா என்று உங்கள் மருத்துவரைக் கேட்கலாம். மனசு ஒப்பவில்லை என்றால் பயாப்சி அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் எல்லாவற்றின் நகலையும் வாங்கிக்கொண்டு இன்னொரு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். அது உங்கள் உரிமை, முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். தம்பிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறார், சாப்பாடு ஒன்றுதான் அவர் கைக்கு எட்டுகிறது. அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போய், பட்டியலை அவர் கையாலேயே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்தால் கேட்காதவர் அங்கே கேட்பார். எடை பார்க்கும் வேலையையும் அவருக்கே கொடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே மிஷினில், நோட்டில் குறித்து வைக்கட்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு

அப்போது உணவுப் பேச்சுக்கு இடம் வரும். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் வந்த 1,009 பேரைக் கவனித்த அமெரிக்க ஆய்வில், இறைச்சி, மைதா, இனிப்பு, வறுவல் மிகுந்த உணவு முறையில் முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. இப்படிக் கவனித்து எழுதும் ஆய்வுகளில் உணவுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பக்கம் சாயாமலிருப்பதில் நஷ்டமில்லை.

உணவைவிட உறுதியான சான்று நடைக்கு இருக்கிறது. 2025-ல் வெளியான ஒரு சோதனையில், கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளரோடு உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள், மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பாதியில் 80.3 சதவீதம், இரண்டாவதில் 73.9. வாரம் மூன்று நான்கு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான அளவுதான் அது. இப்போதே அவ்வளவு வேண்டாம். வீட்டு வாசலில் பத்து நிமிடம் போதும், உடம்பு தேறத் தேறக் கூட்டலாம்.

பிள்ளைகளுக்கு நீங்கள் தனியாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை. கீரை, பயறு, காய், பழம், கொஞ்சம் சிறுதானியம், மீன், முட்டை. பாட்டில் குளிர்பானமும் சாஸேஜும் தினசரிப் பழக்கமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த, கசக்கிற வேர்க்கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க் காரணி.

அவர்களுக்குச் சாப்பாட்டைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் எம்எம்ஆர் பரிசோதனை (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள். பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்கான அறிகுறி அதில் தெரியவரும். அப்படி இருந்தால் பிள்ளைகளுக்கு இருபதுகளிலேயே கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்க வேண்டும். இல்லையென்றால் 40 வயதில் தொடங்கினால் போதும். கூடப்பிறந்தவர்களுக்கும் அதே 40 வயதுக் கணக்குதான். ஆகவே 58 வயது அண்ணன் இதுவரை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ளவில்லை என்றால், அடுத்த தடவை தம்பியோடு மருத்துவமனைக்கு வரும்போது அவரும் தனக்கு ஒரு தேதி வாங்கிக்கொள்ளட்டும்.